குரோமிக் ஆசிட் செதில்: பிளேட்டிங் தொட்டிக்கு வாங்கலாமா?

பிளேட்டிங் பட்டறைகளில் 'குரோமிக் ஆசிட்' என்று கேட்டு வாங்குவது குரோமியம் டிரை ஆக்சைடு என்ற கருஞ்சிவப்புச் செதிலை. தண்ணீரில் கரைந்த பிறகே அது அமிலமாகிறது. கடினக் குரோம், அலங்காரக் குரோம், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை முலாமுக்கு முன் அரித்துச் சொரசொரப்பாக்குவது, அலுமினிய அனோடைசிங், துத்தநாக முலாமின் மேல் ஏறும் மஞ்சள் பாசிவேஷன் என எல்லாவற்றுக்கும் இதே செதில்தான். இந்த மதிப்பீட்டில் முலாம் தொட்டியையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பொருளால் அதிகம் பேர் கெடுவதும் அங்கேதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹைட்ராலிக் தண்டு, அச்சு, ரோலர் போன்றவற்றுக்குக் கடினக் குரோம் போடுபவருக்கு இது தரும் கடினமும் வழவழப்பும் வேறொரு தொட்டியில் இவ்வளவு சுலபமாக வராது. ஆனால் ஆவியை உறிஞ்சும் அமைப்பும் (எக்ஸாஸ்ட்) கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் இல்லாத பட்டறை இதன் ஒரு டிரம்மைக்கூட வாங்கக் கூடாது. குழாய், கைப்பிடி, அலங்காரச் சாமான்களுக்கு அரை மைக்ரான் பளபளப்பு மட்டும் வேண்டுமென்றால், இதைத் தொடாமல் நேராக டிரைவேலன்ட் குரோமுக்குப் (மூன்று இணைதிறன் கொண்ட, நச்சு குறைந்த வகை; இந்தச் செதிலில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட ஹெக்ஸாவேலன்ட்) போய்விடுங்கள்.

இனி சரக்கு. பாலிதீன் உறை போட்ட எஃகு டிரம்மில் வரும். நல்ல செதில் உலர்ந்து பளபளவென்று இருக்கும். டிரம்மை உருட்டினால் உள்ளே சலசலக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் இதற்கு உண்டு. சத்தமே வராமல் ஒரு பக்கம் கனத்து உருண்டால் உறை கிழிந்து ஈரம் ஏறிக் கட்டிபட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படிக் கட்டிபட்டதைக் கடப்பாரையால் உடைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. செய்யக் கூடாத வேலை அது: ஒவ்வொரு குத்துக்கும் செந்தூள் எழும்பி முகத்துக்கு வரும். எக்ஸாஸ்ட் ஓடும் இடத்தில் வைத்து டிரம்முக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து எடுப்பதே சரி. கரைசலாகவே விற்கும் சரக்கு கிடைத்தால் அதற்கே எங்கள் வாக்கு. அங்கே தூளுக்கு வழியே இல்லை; பம்பு வைத்து ஏற்றிவிடலாம்.

தரச் சான்றிதழில் பலர் 99.7 சதவீதத் தூய்மையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதைவிட முக்கியமான வரி சல்பேட் அளவு. கடினக் குரோம் தொட்டியில் லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் ஆசிட்டுக்கு 2.5 கிராம் சல்பேட் இருக்க வேண்டும், அதாவது 100-க்கு 1. இந்த விகிதம்தான் தொட்டியின் உயிர். செதிலில் 0.1 சதவீதம் சல்பேட் இருந்தால் அதுவே லிட்டருக்கு 0.25 கிராம் கொண்டுவந்துவிடும். 0.2 சதவீதம் என்றால் அரை கிராம், தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. இதைக் கணக்கில் சேர்க்காமல் முழு 2.5 கிராம் கந்தக அமிலத்தையும் ஊற்றினால் விகிதம் 83-க்கு 1 ஆக இறங்கிவிடும். பிறகு பள்ளமான இடங்களில் குரோம் ஏறாது, விளிம்பில் மட்டும் ஏறும். சல்பேட் குறைந்தாலும் வம்புதான்: முலாம் மங்கும், பழுப்புத் திட்டு விழும்.

கூடிப்போன சல்பேட்டை பேரியம் கார்பனேட் போட்டு இறக்கலாம். 1 கிராம் சல்பேட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம். 1000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் குறைக்க வேண்டுமானால் 1 கிலோ. தண்ணீரில் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கரியமில வாயு பொங்கித் தொட்டியை வழியவைக்கும். இரவு முழுக்கத் தெளியவிட்டு மறுநாள் அளந்து பாருங்கள். பேரியம் கார்பனேட்டும் விஷம்தான், அதன் தூளுக்கும் முகமூடி வேண்டும்.

குளோரைடு இன்னொரு எதிரி. சூடான தொட்டியில் தண்ணீர் தினமும் ஆவியாகும். குழாய்த் தண்ணீரையே ஊற்றி நிரப்பினால் அதிலுள்ள குளோரைடு மட்டும் தங்கித் தங்கிச் சேரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துரு எடுத்த ஜாப்பை (முலாம் ஏற வேண்டிய உருப்படியை) சரியாக அலசாமல் இறக்கினாலும் அதேதான். ஈய ஆனோடு (நேர்மின்வாய்) அரிபடும், குரோம் ஏறாத இடங்களில் எஃகு சாம்பல் பூக்கும். செதிலைக் குற்றம் சொல்லி டிரம்மைத் திருப்பி அனுப்பும் முன் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

புதுத் தொட்டி போடும்போது முதலில் எக்ஸாஸ்ட்டை ஓட விடுங்கள். அயனி நீக்கிய தண்ணீரை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி வெதுவெதுப்பாக்கி, செதிலைச் சிறு சிறு அளவாகச் சேர்த்து, துடுப்பு போட்ட மோட்டாரால் கலக்க வேண்டும். காற்றுக் குழாய் விட்டுக் குமிழி எழுப்பிக் கலக்குவது ஆவியைக் கிளப்பும். கரைந்த பின் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, சல்பேட்டைச் சோதித்து, குறைவதை மட்டும் நீர்த்த கந்தக அமிலமாக விடுங்கள். புதுத் தொட்டி உடனே நன்றாக ஓடாது. லிட்டருக்கு ஓரிரு கிராம் டிரைவேலன்ட் குரோமியம் அதற்குள் பிறக்க வேண்டும். அதற்குப் பெரிய பரப்புள்ள தகட்டைக் கத்தோடாகவும் (எதிர்மின்வாய்) சிறிய ஆனோடையும் வைத்துச் சில மணி நேரம் மின்சாரம் செலுத்துவார்கள். பழைய தொட்டியில் டிரைவேலன்ட் கூடிவிட்டால் இதையே தலைகீழாக்க வேண்டும்: ஆனோடு பெரிதாக, கத்தோடு சிறிதாக.

கரைசலின் அடர்த்தியை அளக்கும் பாமே மீட்டர் புதுத் தொட்டியில் சுமார் 21 டிகிரி காட்டும். வருடம் ஓடிய தொட்டியில் அந்த மீட்டரை நம்பாதீர்கள். கரைந்த இரும்பும் டிரைவேலன்டும் சேர்ந்து எடையைக் கூட்டும். மீட்டர் 21 என்று காட்டும்போது உண்மையான குரோமிக் ஆசிட் 200 கிராமுக்குக் கீழே போயிருக்கலாம். டைட்ரேஷன் (வினைபுரியும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) செய்து பார்ப்பதுதான் கணக்கு.

ஆனோடின் நிறமும் ஒரு மீட்டர்தான். வேலை செய்யும் ஈய ஆனோடு சாக்லேட் பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு ஈய டை ஆக்சைடு. கூடிவரும் டிரைவேலன்டை மீண்டும் ஹெக்ஸாவேலன்டாக மாற்றுவது அதுவே. மின்சாரம் இல்லாமல் தொட்டியிலேயே தொங்கினால் மேலே மஞ்சள்-ஆரஞ்சுப் படலம் கட்டும். அது ஈயக் குரோமேட், மின்சாரத்தை விடாது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: அந்த மஞ்சளை உலர்ந்த கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். ஈயமும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியமும் ஒன்றாகச் சேர்ந்த தூள் அது. ஈரமாக வைத்தே தேய்த்து, அலசிய தண்ணீரைக் கழிவுத் தொட்டிக்கு அனுப்புங்கள்.

வேலைத் திறனுக்கு வருவோம். 50 முதல் 60 டிகிரி செல்சியஸ், சதுர டெசிமீட்டருக்கு 30 ஆம்பியர், சாதாரணச் சல்பேட் தொட்டி என்றால் மணிக்கு ஏறக்குறைய 20 மைக்ரான் ஏறும். கடினம் 850 முதல் 1000 விக்கர்ஸ் வரை. உராய்வு குறைவு, துரு ஒட்டாது. நடுவில் மின்சாரம் போய்ப் போய் வந்தால் மட்டும் பொறுக்காது: ஏறிய குரோமின் மேல் மெல்லிய ஆக்சைடு படியும், அதன்மேல் ஏறும் அடுத்த அடுக்கு உரிந்து வரும். மறுபடி தொடங்கும் முன் சில நொடிகள் துருவத்தை மாற்றி அரிக்க வேண்டும். உயர் வலிமை எஃகாக இருந்தால் முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் சுமை ஏறும்போது ஜாப் விரிசல் விட்டு உடையும்.

இந்தப் பொருளின் எல்லாத் தீமையும் ஒரே எண்ணிலிருந்து கிளம்புகிறது: தொட்டிக்குள் போகும் மின்சாரத்தில் குரோம் ஏற்றப் பயன்படுவது 10 முதல் 20 சதவீதம்தான். மிச்ச மின்சாரம் பெரும்பாலும் தண்ணீரைப் பிரிக்கப் போய்விடுகிறது. 1000 ஆம்பியர் ஓடும் தொட்டியில் மணிக்கு 350 லிட்டர் அளவுக்கு ஹைட்ரஜன் கிளம்பும். ஆனோடில் ஆக்சிஜன் தனி. அத்தனையும் சிறு சிறு குமிழிகளாக மேலே வந்து உடைகின்றன. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது ஒரு துளி அமிலத்தைக் காற்றில் தெறிக்கவிடுகிறது. தொட்டி மேல் மஞ்சள் மூட்டமாகத் தெரிவது அதுதான். டிரம்மில் இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், லேபிளும் ஒட்டியிருக்கும். இந்த மூட்டத்துக்கு லேபிள் கிடையாது. மூக்கில் ஏறும்போது எரிச்சல் தரலாம், சில வாரங்களில் அதுவும் பழகிவிடும்.

எவ்வளவு ஏறினால் அதிகம்? அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2006-இல் வைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஜனவரியிலிருந்து அதே 5-க்கு வந்துவிட்டது. அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியாஷ் 2013-இல் பரிந்துரைத்தது 0.2 மட்டுமே. இந்த 5 மைக்ரோகிராமைத் தொட்டிக் கணக்கில் பாருங்கள். ஒரு ஷிப்டில் ஒருவர் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்தால், அனுமதித்த முழு அளவும் 50 மைக்ரோகிராம். லிட்டருக்கு 250 கிராம் கரைசலில் அது ஒரு சொட்டில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. தொட்டி விளிம்பில் காய்ந்து நிற்கும் ஒரே ஒரு மஞ்சள் சொட்டில் நூறு ஷிப்டுக்கு மேல் போதுமான அளவு இருக்கிறது.

உடம்பில் இது செய்வதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். மூக்கின் நடுச்சுவர் முதலில் போகும். தண்ணீராக ஒழுகல், பொருக்கு, அவ்வப்போது ரத்தம், பிறகு ஓட்டை. ஓட்டை விழுவது பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பலர் மருத்துவரிடம் போவதில்லை. ஓட்டை சிறிதாக இருக்கும்போது மூச்சு இழுத்தால் மெல்லிய விசில் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டவர் அன்றே தொட்டிப் பக்கத்திலிருந்து வேறு வேலைக்கு மாற வேண்டும். தோலில், குறிப்பாக விரல் முட்டியிலும் நகக்கணுவிலும் சிறு கீறல் இருந்தால் அதற்குள் இறங்கி, விளிம்பு தடித்த வட்டக் குழிப்புண் ஆகும். 'குரோம் ஓட்டை' என்று பெயர். அதுவும் வலிக்காது, ஆற வாரக்கணக்காகும். கிளாஸ்கோவைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் குமின் 1827-லேயே இந்தப் புண்ணைப் பதிவு செய்தார். ஏறக்குறைய இருநூறு வருடமாகத் தெரிந்த விஷயம் இது. இன்றைக்கும் ஒரு தொழிலாளிக்கு இது வருவதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுக்கும் அரிப்பு எழும், ஆஸ்துமாவும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-இல் ஹெக்ஸாவேலன்ட் குரோமியச் சேர்மங்களை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வைத்தது. நுரையீரல்தான் முக்கிய இலக்கு. சிறுநீரகமும் தப்பாது. சூடான கரைசல் உடம்பில் பெரிய பரப்பில் கொட்டினால், மேலே தெரியும் தீக்காயம் சிறிதாகத் தோன்றினாலும் உள்ளே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகலாம். உடனே உடையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று அவரே சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குரோமிக் ஆசிட் என்று மருத்துவரிடம் பெயரைச் சொல்லுங்கள்.

எனவே தொட்டிக்கு முன்னால் எக்ஸாஸ்ட். தொட்டி விளிம்பில் நீளப் பிளவு வைத்து உறிஞ்சும் லிப் எக்ஸாஸ்ட்தான் பொதுவான அமைப்பு. 50 சென்டிமீட்டர் அகலம் வரை ஒரு பக்கம் போதும். அதற்கு மேல் இரண்டு பக்கமும் வேண்டும். 90-ஐத் தாண்டினால் ஒரு பக்கம் காற்றைத் தள்ளி மறுபக்கம் இழுக்கும் அமைப்பு. கரைசல் மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, புழுக்கமாக இருக்கிறதென்று பக்கத்தில் ஒரு நிற்கும் மின்விசிறியை வைத்தால் எல்லாம் வீண். அந்தக் குறுக்குக் காற்று மூட்டத்தைப் பிளவிலிருந்து பிடுங்கி ஆட்களின் முகத்துக்கே கொண்டுபோகும். ஊதுபத்தியோ புகைக் குழாயோ தொட்டி நடுவில் பிடித்துப் பாருங்கள். புகை நேராகப் பிளவுக்குள் போக வேண்டும். உறிஞ்சிய காற்றை அப்படியே கூரைக்கு மேல் விடாமல், வலைத் திண்டுகளில் துளிகளைப் பிடித்து, அலசிய நீரைத் தொட்டிக்கே திருப்பினால் ரசாயனமும் மிச்சம்.

மூட்டம் அடக்கும் திரவங்களும் உண்டு. கரைசலின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, குமிழி மெதுவாக உடைய வைக்கும். இவற்றில் பழைய வகை பி.எஃப்.ஓ.எஸ். கொண்டது. சூழலில் அழியாத அந்தப் பொருளை 2009-இல், இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், அதனால் சரக்கின் உள்ளடக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நுரை கட்டும் வகையைக் கடினக் குரோம் தொட்டியில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நுரைக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து அடைபட்டுக் கிடக்கும். தளர்ந்த கொக்கியில் ஒரு பொறி பறந்தால் வெடித்து அமிலத்தை மேலே வீசும். ஜாப்பை ஏற்றி இறக்குவது ரெக்டிஃபையரை (தொட்டிக்கு நேர்மின்சாரம் தரும் கருவியை) அணைத்த பிறகே நடக்க வேண்டும்.

கையுறைக்கு முழங்கை வரை வரும் பி.வி.சி. தோல் கையுறை அமிலத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கையில் தேய்க்கும். துணி முகமூடி பயனற்றது. நுண்துகள் வடிகட்டி போட்ட முகமூடி டிரம் திறக்கும்போதும் பழுதுபார்ப்பின்போதும் கட்டாயம். எக்ஸாஸ்ட்டுக்கு மாற்றாக ஷிப்ட் முழுக்க அதையே மாட்டிவிடுவது தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம். தரையில் சிந்தியது காய்ந்தால் தூளாகிப் பறக்கும். பெருக்காமல் ஈரமாகத் துடைத்து எடுங்கள். டைஃபினைல் கார்பசைடு நனைத்த பஞ்சால் மேசை, கைப்பிடி, சாப்பாட்டு அறைக் கதவு எல்லாம் துடைத்துப் பாருங்கள். ஹெக்ஸாவேலன்ட் இருந்தால் பஞ்சு செவ்வூதா நிறமாகும். சாப்பாட்டு அறைக் கதவில் ஊதா வந்த பிறகு எந்த முதலாளிக்கும் வேறு விளக்கம் தேவைப்படாது. வார இறுதி ஷிப்ட் முடிவில் சிறுநீரில் குரோமியம் சோதிப்பதையும், மூக்கை ஒளி அடித்துப் பார்க்கும் பரிசோதனையையும் ஒழுங்காக நடத்துங்கள்.

சேமிப்பில் ஒன்றுதான் விதி: எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் கூடாது. இது கடும் ஆக்சிஜனேற்றி. ஆல்கஹால் பட்டாலே தீப்பிடிக்கும். மரத்தூள், பஞ்சுக் கழிவு, எண்ணெய்த் துணி, தின்னர் எல்லாமே விலகி இருக்க வேண்டும். சிந்தியதன் மேல் மரத்தூள் போடுவது வேறு அமிலத்துக்குப் பழகிய கை செய்யும் தவறு. இங்கே அது தீ வைப்பதற்குச் சமம்.

கழிவுநீருக்கு சோடியம் மெட்டாபைசல்பைட். பி.ஹெச். 2 முதல் 2.5-க்குள் இறக்கிச் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். ஹெக்ஸாவேலன்ட் டிரைவேலன்டாகிவிட்டது என்று பொருள். கணக்குப்படி 1 கிராம் ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு 2.74 கிராம், நடைமுறையில் 3-க்கு மேல் ஆகும். பி.ஹெச். 3-க்கு மேல் இருந்தால் வினை இழுத்தடிக்கும், அவசரக்காரர் பாதியில் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். ரொம்பவும் இறக்கினால் சல்பர் டை ஆக்சைடு மூச்சை அடைக்கும். பிறகு சுண்ணாம்போ காஸ்டிக்கோ விட்டு 8 முதல் 8.5-க்கு ஏற்றினால் ஹைட்ராக்சைடாக வீழ்படியும். பச்சையானதும் நிம்மதியாகி, அதே நீரைப் பிளீச்சிங் ஓடும் கழிவோடு கலந்துவிடாதீர்கள். குளோரின் அதை மறுபடி ஹெக்ஸாவேலன்டாக்கிவிடும். சயனைடு வரிசையின் கழிவோடு இந்த அமிலக் கழிவு சேரவே கூடாது, ஹைட்ரஜன் சயனைடு வரும்.

மாற்றுப் பொருள்களைப் பொறுத்தவரை, அலங்கார வேலைக்கு டிரைவேலன்ட் இன்று முழுத் தகுதி பெற்றுவிட்டது. மின்சாரம் இடையில் நின்றாலும் பொறுக்கும், மூலைக்குள் நன்றாக ஏறும். நிறம் ஒரு சாயல் கருமையாக இருக்கலாம். செம்பு, துத்தநாகம், இரும்பு மிகச் சிறிய அளவு கலந்தாலும் கறை காட்டும், அதனால் அலசலில் கண்டிப்பு வேண்டும். அதில் ஈய ஆனோடைத் தொங்கவிட்டால் ஹெக்ஸாவேலன்ட் உருவாகித் தொட்டியே கெடும். கடினக் குரோமுக்கு மாற்றாகத் தெளிப்பு முறையில் டங்ஸ்டன் கார்பைடு பூச்சும் மின்சாரமில்லா நிக்கலும் உண்டு. ஆழமான துளையின் உள்சுவருக்குத் தெளிப்பு எட்டாது. சட்டமும் அந்தத் திசையில்தான் போகிறது: ஹெக்ஸாவேலன்டைக் கைவிட கலிபோர்னியா அலங்காரக் குரோமுக்கு 2027-உம் கடினக் குரோமுக்கு 2039-உம் கெடு வைத்திருக்கிறது.

வாங்குவதென்று முடிவானால் இரண்டு மாதத் தேவைக்கு மேல் டிரம் அடுக்காதீர்கள். காலியானதும் உறையையும் டிரம்மையும் மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கே ஊற்றிவிடலாம். ஆவியாகும் நீருக்கு அது ஈடாகும். அதன் பிறகும் டிரம்மின் அடியில் இரண்டு மூன்று ஓட்டை போட்ட பின்பே, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். ஓட்டையில்லாத டிரம் வெளியே போனால் யாரோ ஒருவர் அதில் தண்ணீர் பிடித்து வைப்பார்.